தோள் மாற்று

மாப்பிள்ளை அறைக்குள் வந்தால் மாமியார் எழுந்து நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சௌந்தரவல்லியின் கால்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? செழியனின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவை தாமாக எழுந்துவிடும். ஒரு காலத்தில் எழுந்து நிற்கவும் செய்தன. இப்போது எழுவதோடு சரி, நிற்பதில்லை.

ஆடியில் ஒரு தடவையும் புரட்டாசியில் ஒரு தடவையும் அத்தை கீழே விழுந்தார். மாடிப்படியில் இல்லை, வழுக்குகிற குளியலறையில் இல்லை. மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்கப் போய் விழுந்தார். எப்படி விழுந்தார்கள் என்று மருத்துவர் கேட்டபோது செழியனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் காப்பி கொண்டு போனேன், அதனால் விழுந்தார்கள் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? கால் தடுக்கியது என்று சொல்லி வைத்தான்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் செருப்பு போடுவதையே விட்டுவிட்டான். பூனை மாதிரி நடந்து பார்த்தான். காப்பியின் வாசனை அவனுக்கு முன்னால் போய்க் காட்டிக் கொடுத்தது. அத்தை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தபடி, பாதி எழுந்த நிலையில் வரவேற்பார். "வாங்க மாப்ளே." அவன் நான்கு அறைகள் கொண்ட அதே வீட்டில்தான் இருக்கிறான், எங்கிருந்தும் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

உறையூரில் ஐந்தாவது மாடியில் வீடு. மனைவி நர்மதா சரக்கு ரயில் ஓட்டுகிறாள். இன்றைக்கு ஈரோடு என்றால் நாளைக்கு அரக்கோணம், பாதி நாள் வெளியூர் ஸ்டேஷனில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில்தான் தூக்கம். வீட்டில் இருக்கும் நாளில் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, சண்டை போட்டு, எல்லாம் அவளே செய்வாள். ஆனால் அடுத்த டூட்டிக்கு முன்னால் கட்டாயம் தூங்கியாக வேண்டும், ரயில்வே விதி. செழியன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறான். ஆகவே அத்தையைப் பார்த்துக்கொள்வது அவன் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, அவனாகத்தான் தலையைக் கொடுத்தான்.

அத்தை சாமானியப்பட்ட ஆள் இல்லை. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். கணவர் சீக்கிரம் போய்விட்டதால், பகலில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் சர்வீஸ் முழுக்க இரவு டூட்டியாகவே கேட்டு வாங்கிக்கொண்டவர். ஓய்வு பெற்று வருஷக்கணக்கில் ஆகியும் அவருடைய உடம்புக்கு மட்டும் ஓய்வு உத்தரவு போய்ச் சேரவில்லை. இரவு வந்தால் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். வார்டு நோயாளிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கால் துறுதுறுக்கும்.

விழித்துக் கிடந்தால் என்ன, கூப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பதா? பாத்ரூம் போக வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்வதா? அதைவிட விழுந்தே தொலைக்கலாம் என்பது அத்தையின் கட்சி. அதனால் அவர் சத்தம் போடாமல் தானே எழுவார். அவர் எழுகிற சத்தம் கேட்க வேண்டுமே என்று செழியன் இரவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பான். கட்டில் கிறீச்சென்றால் ஓடுவான். ஓடினால் அவனைப் பார்த்து அவர் எழுந்து நிற்பார். இப்படி இரண்டு பேரும் ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

வழி தேடாமல் இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். வந்தவர்களையெல்லாம் அத்தை நாடி பிடிக்கச் சொன்னார், பிடித்த விதம் சரியில்லை என்று திருத்தினார், படுக்கை விரிப்பை நான்கு மூலையிலும் மருத்துவமனை முறைப்படி மடிக்கச் சொன்னார். வேலைக்கு வந்தோமா, பயிற்சிக்கு வந்தோமா என்று அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கால் பட்டால் மணியடிக்கும் பாய் ஒன்றைக் கட்டிலடியில் விரித்தார்கள். மறுநாளே அது அழகாக மடிக்கப்பட்டு அலமாரிக்குள் இருந்தது. "காலைத் தட்டுது மாப்ளே" என்றார்.

இதன் பலன் மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அச்சேறியது. செழியன் வரைந்த சிலந்திக்கு ஏழு கால். மாநிலம் முழுக்க ஆசிரியர்கள் கேட்டார்கள். எட்டாவது கால் பின்னால் மறைந்திருக்கிறது என்று சமாளித்தான். லிஃப்டுக்குள் நின்றபடி தூங்கி, மேலும் கீழுமாக ஊர்வலம் போன கதை அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும்.

சிரிக்க முடியாத நாளும் ஒன்று வந்தது. காலையில் கஞ்சியோடு உள்ளே போனான். அத்தை எழுந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடிப்பதற்குள் கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது என்று அவன் கத்திவிட்டான். அத்தை உட்கார்ந்தார். முகம் சின்னதாகிவிட்டது. பிறகு, "கோவிச்சுக்காதீங்க மாப்ளே" என்று மன்னிப்புக் கேட்பதற்காக மறுபடியும் எழுந்தார்.

அன்று சாயங்காலம் அவனும் நர்மதாவும் சமயபுரம் தாண்டி இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுத்தமான இடம். இரவு முழுக்க விழித்திருக்க ஆள் இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் ஓர் அறை காலியாகும், வைத்திருக்கிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நர்மதா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். செழியன் திருடனைப் போல உணர்ந்தான். கையில் தூரிகையைத் தவிர ஒன்றுமில்லாதவனாக அவன் பெண் கேட்டு வந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முகம் சுளிக்க, இந்தப் பையன் நல்லா சிரிக்கிறான், கட்டிக் குடுத்துடலாம் என்று சொன்ன ஒரே ஆள் அத்தைதான். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை. எப்படியாவது பொங்கலுக்குள் ஒரு வழி பிறந்துவிடாதா என்றுதான் இருவருமே நினைத்தார்கள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

நர்மதாவின் தம்பி சுதாகர் டொராண்டோவில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். அம்மாவுக்குக் கேழ்வரகு கொடுங்கள், வெயிலில் உட்கார வையுங்கள், பகலில் தூங்க விடாதீர்கள் என்று யோசனைகளை வாரி வழங்குவான். கடைசியில், "நானும் பக்கத்துல இருந்தா தோள் குடுப்பேன் அத்தான்" என்று முடிப்பான். ஐப்பசியில் அந்தச் சொல் அவன் கழுத்தைப் பிடித்தது. 'தோள்' என்ற பெயரிலேயே ஒரு கருவி கடைக்கு வந்துவிட்டது. அவனே பணம் கட்டிவிட்டு, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான்.

தில்லைநகரில் இருந்த விற்பனை மையத்தில் ரெஹானா என்ற பெண் மருத்துவர் விளக்கினார். கைக்கடிகாரப் பட்டை போல மூன்று பட்டைகள், ஒரு பெட்டியில். ஒன்று பராமரிக்கிறவருக்கு, மற்ற இரண்டு பங்கு வாங்கிக்கொள்கிற சொந்தக்காரர்களுக்கு.

"களைப்பை அழிக்கிற மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கல சார்" என்றார். "இது அதை இடம் மாத்துது, அவ்வளவுதான். உங்க உடம்புல இருக்கற அலுப்பை இந்தப் பட்டை படிக்கும். இன்னொரு பட்டை அதே அலுப்பை இன்னொருத்தர் உடம்புல உண்டாக்கும். அங்க ஏறினது இங்க இறங்கும்."

"கனடா வரைக்கும் போகுமா?"

"ஃபோன் போற இடமெல்லாம் போகும்."

"வாங்கிக்க ஆள் இல்லேன்னா?"

"வந்த இடத்துக்கே திரும்பி வந்துடும்."

யார் யார் போடக் கூடாது என்பதையும் சொன்னார். குழந்தைகள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை செய்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள். செழியன் நர்மதாவைத் திரும்பிப் பார்த்தான். சரக்கு ரயிலை விடப் பெரிய வண்டி எது? அவளுக்கென்று வந்த பட்டை பெட்டியோடு கூடத்து ஷோகேஸுக்குள், சுதாகர் பள்ளியில் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று டொராண்டோவுக்குப் பறந்தது.

சுதாகர் பட்டையைக் கட்டிக்கொண்ட மறுநாளே கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை இல்லை. குரலில் தெம்பில்லை.

"நேத்து ராத்திரி அங்க என்ன நடந்துச்சு அத்தான்? எனக்கு இங்க சாயங்கால மீட்டிங். உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லையே, வழக்கமான இரவுதான் என்றான் செழியன்.

"இதுதான் வழக்கமா?"

அன்றிலிருந்து சுதாகர் கேழ்வரகைப் பற்றிப் பேசவில்லை. செழியனுக்கோ தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. முற்றிலும் போய்விடவில்லை, பாதிதான் போனது. அந்தப் பாதி போனதற்கே அவன் குளிக்கும்போது பாடத் தொடங்கினான். நர்மதா கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டாள்.

தீபாவளிக்குள் ஊரே பட்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வீடு வேடிக்கைதான். மூன்றாவது மாடி பேங்க்காரர் ஒரே ஒரு நாள் மனைவியின் அலுப்பை வாங்கும் பட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் மாவு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். மருமகள்கள் நாத்தனார்களுக்குப் பட்டை அனுப்பினார்கள். சில பார்சல்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. பெண் பார்க்கப் போகிற இடத்தில், பையன் தோள் கொடுப்பானா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள்.

அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருநாள் செழியன் ஓர் இளைஞனைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகப் பட்டைகள். கூலிக்குக் களைப்பு வாங்குகிறவன். முன்னால் வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்க, மேசையில் தலை சாய்த்திருந்தான். இதெல்லாம் யாருடைய களைப்பு என்று செழியன் கேட்டான்.

"தெரியாதுண்ணே" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "ஒருத்தர் தினம் ஜிம்முக்குப் போறாரு போல."

செழியன் தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் பட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தான். சுதாகர் கூலி ஆள் இல்லை, அத்தை பெற்ற பிள்ளை. அவனுக்கும் பங்கு உண்டுதான். இருந்தாலும் தன் அலுப்பை இன்னொருவன் உடம்பில் ஏற்றுவது அவனுக்கு உறுத்தியது. அந்த உறுத்தலைப் பட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் சுதாகர் தளர்ந்துவிட்டான். மகளின் பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் வயலினோடு மேடையேறியபோது அப்பா முதல் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைக்கட்டுமா என்று அவன் கேட்டபோது குரல் உடைந்தது. கூடத்தில் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த செழியன், "கழட்டுப்பா முதல்ல. நாங்க இல்லியா இங்க?" என்று தைரியமாகச் சொன்னான். ஃபோனை வைத்த பிறகு அந்தத் தைரியம் ஓடிவிட்டது. இனிப் பழையபடி முழு மூட்டையும் தன் தலையில்தான். பொங்கலுக்குப் பிறகு சமயபுரம்தான்.

அன்றிரவு மூட்டை வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அவன் உடம்பு காற்றாக இருந்தது. ஒரு தவளையை நான்கு காலோடும், ஒரு தும்பியை ஆறு காலோடும் பிசகாமல் வரைந்து முடித்தான். யோசித்துப் பார்த்ததில் ஒரே விளக்கம்தான் தோன்றியது. சுதாகர் கழற்றினேன் என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறான். செழியனுக்குக் கண் கலங்கியது. நீ செய்கிற காரியம் எனக்குத் தெரியும், உன்னை மாதிரி ஒரு மச்சான் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நீளமாக ஒரு செய்தி அனுப்பினான். பதிலுக்குக் கும்பிடுகிற இரண்டு கைகள் வந்தன.

அதைவிட அதிசயம், அத்தை தூங்கத் தொடங்கினார். இரவு படுத்தால் விடியும்வரை அசைவதில்லை. கட்டில் கிறீச்சிடவில்லை. செழியன் பழக்க தோஷத்தில் விழித்துக்கொண்டு, சத்தம் வரவில்லையே என்ற பயத்தில் ஓடிப்போய்ப் பார்ப்பான். சின்னக் குறட்டையோடு தூங்கிக்கொண்டிருப்பார். மத்தியானமும் ஒரு தூக்கம். எழுந்தால் முகத்தில் ஒரு தெளிவு. கணுக்காலில் வலி என்று சொல்லித் தானே க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டார். பார்க்கட்டுமா என்று செழியன் கேட்டதும் காலை வெடுக்கென்று சேலைக்குள் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை மாமியாரின் காலைத் தொடுவதா? அவன் வற்புறுத்தவில்லை.

நர்மதாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் அம்மா தூங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தூங்காதவங்க திடீர்னு இப்படித் தூங்கினா எனக்குப் பயமா இருக்கு செழியன். அணையறதுக்கு முன்னாடி மாதிரி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

மறுநாள் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்று முடிவானது. சுதாகருக்கும் சொல்லிவிடலாம், அப்படியே பட்டையைக் கழற்றச் சொல்லிவிடலாம், அம்மாதான் தூங்குகிறார்களே, பாவம் அவன் ஏன் சுமக்க வேண்டும் என்று செழியன் ஃபோன் போட்டான். நன்றி சொல்லி, பட்டையைக் கழற்றிவிடு என்றதும் எதிர்முனை குழம்பியது.

"எந்தப் பட்டை அத்தான்? நான்தான் அன்னிக்கே கழட்டி டிராயர்ல போட்டுட்டேனே."

"அப்ப நான் அனுப்பின மெசேஜுக்குக் கும்பிட்டியே?"

"பெரிசா இருந்துச்சு. மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் படிக்கலாம்னு..."

செழியன் ஃபோனை அணைக்காமலேயே எழுந்து ஷோகேஸைத் திறந்தான். கோப்பைகள் இருந்தன. பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பட்டை இல்லை.

அவன் அத்தையின் அறைக்குள் போனான். முற்பகல் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவர் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் போர்வை விலகி, பேண்டேஜ் நெகிழ்ந்து, கணுக்காலில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. அந்த வீட்டில் ஒரு பொருளை அவனிடமிருந்து மறைத்து வைக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

விழித்த அத்தை அவனைப் பார்த்தார், அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தார். வழக்கப்படி எழ முயன்றார். அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தான். நர்மதாவும் வந்து வாசலில் நின்றாள். ஏம்மா இப்படிச் செய்தாய், உன் வயதுக்கு இதெல்லாம் தாங்குமா என்று அவள் பொரிந்து தள்ளினாள். அத்தை மகளை வார்டில் சத்தம் போடுகிற பார்வையாளரைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சுதா அழுதது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "நீங்க கடைக்குப் போயிருந்தப்ப போய் எடுத்துக்கிட்டேன் மாப்ளே. கேக்காம எடுத்தது தப்புதான்."

"தப்பு அது இல்ல அத்தை. என் அலுப்பை நீங்க எதுக்கு..."

"தூக்கம் வர்றதுக்கு." அவர் கால் பட்டையை ஒரு விரலால் தடவினார். "களைப்பு இருந்தாத்தானே மாப்ளே தூக்கம் வரும்? நாள் பூரா உட்கார வெச்சே வெச்சிருந்தா எனக்குக் களைப்பு எங்கேர்ந்து வரும்? ரிட்டையர் ஆனதுலேர்ந்து நான் அலுத்துப் படுத்ததே இல்ல. மாத்திரை போட்டா மயக்கம்தான் வருது. உங்ககிட்ட அது கொட்டிக் கிடக்குது. எனக்கு இல்லாதது உங்களுக்கு வேண்டாததா இருக்கு. நடுவுல எதுக்குக் கனடா?"

செழியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அத்தை நிறுத்தவில்லை.

"படுத்ததும் தோள் வலிக்கும். ஓஹோ, இன்னிக்குப் போர்வையெல்லாம் அலசியிருக்காரு போலன்னு நினைச்சுப்பேன். நானே அலசின மாதிரி ஒரு நிறைவு. அப்படியே கண்ணு சொருகிடும்." கொஞ்சம் நிறுத்தி, "என்னைத் தூக்கறப்ப இடுப்பை வளைக்கிறீங்க. முழங்காலை மடக்கணும். எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார்.

நர்மதா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சமயபுரம் விஷயத்தைத் தானாகவே சொல்லிவிட்டாள். அத்தை ஆச்சரியப்படவில்லை. சுவர் மெல்லிசு, காது நன்றாகக் கேட்கும் என்றார்.

"போகச் சொன்னா போயிருப்பேன். ஆனா என்ன நோவுன்னு பார்க்காம வார்டு மாத்தக் கூடாதில்லையா? எனக்குத் தூக்கம் வரல, அதனால அவருக்கும் தூக்கமில்ல. அதுக்கு மருந்து ஷோகேஸ்ல இருந்துச்சு."

ரெஹானா நேரில் வந்து பரிசோதித்தார். ரத்த அழுத்தம், இதயம், எல்லாம் பார்த்தார். நல்ல தூக்கத்தால் முன்பைவிட மேலாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அளவை மட்டும் குறைத்தார். சாயங்காலத்து அலுப்பில் பாதி, அதற்கு மேல் பட்டை வாங்காது. வயதானவர்கள் போடக் கூடாது என்று எங்குமே சொல்லவில்லையே என்று நர்மதா குறைப்பட்டுக்கொண்டாள்.

"சொந்தக்காரங்க தோள் குடுப்பாங்கன்னுதான் யோசிச்சோம்" என்றார் ரெஹானா, தன் கைப்பையை மூடியபடி. "பார்த்துக்கப்படறவங்களே குடுப்பாங்கன்னு எங்க யாருக்கும் தோணல. அவங்ககிட்ட குடுக்க ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சுட்டோம்."

பட்டையைத் தொடரலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றான் செழியன். அவன் வரும்போது அத்தை எழக் கூடாது. அத்தை திடுக்கிட்டுப்போனார். களைப்பு என்ன, காய்ச்சலைக்கூட வாங்கிக்கொள்வார் போலிருந்தது, இது மட்டும் முடியாது என்று தலையை ஆட்டினார். மாப்பிள்ளை வர, மாமியார் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஐந்தாவது மாடியில் யார் பார்க்கிறார்கள் என்று நர்மதா கேட்டாள். பேரம் நீண்டது. கடைசியில் உட்கார்ந்தபடியே கையைக் கூப்புவது என்று முடிவானது. முதல் சில நாட்கள் கூப்பவும் செய்தார். அவன் ஒரு காலையில் எத்தனையோ முறை உள்ளே போய் வந்ததில், அவருக்கே கை வலித்து அதையும் விட்டுவிட்டார். அவனுக்காகக் கால் துடிப்பது மட்டும் நிற்கவில்லை. அவன் வந்ததும் கால்களைச் சேலைக்குள் மடக்கிக்கொள்வார், முதுகை நிமிர்த்துவார்.

ஒருநாள் அவன், இனிமேலாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தான். நர்மதாகூட அவனைச் செழியன் என்றுதான் கூப்பிடுகிறாள். அத்தை ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டது போல நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனும் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். எல்லாமே ஒரேயடியாகக் கிடைத்துவிடுமா என்ன?

சுதாகர் ஞாயிறுதோறும் இப்போதும் கூப்பிடுகிறான். யோசனை சொல்வதில்லை. வாரத்துக்கு ஒருநாள், சனிக்கிழமை, அவன் டிராயரைத் திறந்து பட்டையைக் கட்டிக்கொள்கிறான். அன்று அத்தைக்கு லீவு. மகளின் அடுத்த நிகழ்ச்சி வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறான்.

பொங்கல் வந்தது. சமயபுரத்திலிருந்து ஃபோனும் வந்தது. அறை தயாராகிவிட்டது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். வேண்டாம், இனித் தேவைப்படாது என்றான் செழியன். என்ன காரணம் என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

"அவங்க இங்கயே நல்லாத் தூங்குறாங்க" என்றான்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் செழியன் காப்பியோடு அத்தையின் அறைக்குப் போனான். இப்போதெல்லாம் அவன் வீட்டுக்குள் தைரியமாகச் செருப்பு போடுகிறான். சரக் சரக்கென்று சத்தம் அறைவரை கேட்டது. முதல் நாள் பண்டிகை வேலை அவனுக்கு அதிகம். கரும்பு தூக்கியது, பானை தேய்த்தது, வீடு கழுவியது. அதில் பாதி அத்தைக்குப் போயிருந்தது.

அவர் மல்லாந்து, இரண்டு கால்களையும் வாசலைப் பார்த்து நன்றாக நீட்டிப் படுத்திருந்தார். கணுக்காலில் பட்டை, மேலே பேண்டேஜ் எதுவுமில்லாமல். செருப்புச் சத்தத்துக்கு அந்தக் கால்கள் ஒருமுறை அசைந்தன. மடங்கப் போவது போல இருந்தது. அப்புறம் வேண்டாம் என்று தீர்மானித்தது போல அப்படியே கிடந்தன.

"செழியா" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமல். "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைப்பா."

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் அவனிடம் எதையும் கேட்டதில்லை. ஃபேனைக் குறைத்தான். காப்பியைத் தட்டால் மூடி மேசையில் வைத்தான். வெளியே வந்து, ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்மதாவிடம், "உங்கம்மா என்னை வேலை வாங்கறாங்க" என்று பெருமையாகச் சொன்னான்.